ஊருக்கே சொந்தமான மின் நிறுவனம்: செய்தி மடலில் எதை முதலில் போடுவது?

கேள்வி: புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஏறத்தாழ 9,000 மின் இணைப்புகள் கொண்ட ஒரு சிறிய நகரத்தில் நான்கு ஆண்டுகளாக வசிக்கிறோம். முன்பு இருந்த ஊரில் ஒரு பெரிய தனியார் நிறுவனம் மின்சாரம் வழங்கியது. இங்கோ கம்பங்கள், கம்பிகள், துணைமின் நிலையம் எல்லாமே நகராட்சிக்குச் சொந்தம். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றுக்கும் ஒரே பில் வருகிறது. மின்தடை என்று தொலைபேசியில் அழைத்தால், நகர மன்றக் கட்டடத்தின் பின்புறம் அமர்ந்திருப்பவரே எடுத்துப் பேசுகிறார்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கச் செய்தி மடல் வெளியிடுகிறது. மின் நிறுவனத்தின் செய்திகளையும் வரவிருக்கும் நிகழ்ச்சிகளையும் அரைப் பக்கத்தில் தொகுக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. இம்மாத பில்லுடன் நான்காக மடித்த ஒரு தாள் வந்தது. அக்டோபரில் நடக்கும் பொது மின்சார வாரம், அப்போது கம்ப உயரத்துக்கு ஆளைத் தூக்கும் பக்கெட் லாரியில் குழந்தைகளை ஏற்றிக் காட்டப் போவது, மரக்கிளை வெட்டும் அட்டவணை, புதிய மீட்டர் பொருத்தும் தெருக்களின் பட்டியல், கம்பம் ஏறும் போட்டியில் எங்கள் ஊர் லைன்மேன்கள் இருவர் பரிசு பெற்ற படம், நிறுவனத்துக்குக் கிடைத்த ஒரு தரச் சான்று ஆகியவை பெரிய எழுத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில், கட்டண மாற்றம் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு என்று ஒரு வரி இருந்தது.

இவற்றில் எதற்கு இடம் கொடுப்பது, எதை ஒரு வரியில் முடிப்பது? அத்துடன் அடிப்படையான ஓர் ஐயமும் உண்டு. தமிழ்நாட்டில் மின்வாரியம் என்றால் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும். இங்கே அந்த ஆணையம் எங்கே இருக்கிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பேரேடு

வணக்கம். இப்படிப்பட்ட ஒரு நகர மின் துறையின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தாளின் கடைசி வரியை மடலின் முதல் வரியாக்குங்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் தேடும் ஆணையம் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான். பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் மின் நிறுவனங்களின் கட்டணத்தை இங்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையமே தீர்மானிக்கிறது. நகராட்சிக்கோ, மின்சாரம் வழங்குவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பான பொது மின் மாவட்டத்துக்கோ சொந்தமான நிறுவனமாக இருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் நகர மன்றமோ தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமோ கட்டணத்தை முடிவு செய்துவிடும். அதற்கு மேல் மாநில ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படாது. விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்கள் இதற்கு விலக்கு. அங்கே நகராட்சி மின் கட்டணத்தையும் மாநில ஆணையம் பரிசீலிக்கிறது. உங்கள் மாநிலம் எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆணையம் இதைப் பார்க்காத மாநிலம் என்றால், கட்டண முன்மொழிவை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்க அரசுத் தரப்பில் தனியாக எவரும் இல்லை. அந்த வேலை ஊர்க்காரர்களுடையது.

இது ஏதோ மூலையில் நடக்கும் அபூர்வமான ஏற்பாடும் அன்று. நாடு முழுவதும் ஏறத்தாழ 2,000 நிறுவனங்கள், ஹவாய் நீங்கலாக 49 மாநிலங்களில், இப்படி ஊர்ப் பொதுவில் இயங்குகின்றன. மின் நுகர்வோரில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இவற்றின் வாடிக்கையாளர். லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ, சியாட்டில், சாக்ரமெண்டோ போன்ற பெருநகரங்களும் இதில் அடங்கும். நெப்ராஸ்கா மாநிலத்திலோ தனியார் மின் வழங்கல் நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. பொது மின் மாவட்டங்கள், நகராட்சிகள், கூட்டுறவுகள் என்ற மூன்றுக்குள் மொத்த மாநிலமும் அடங்கிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கையில் மிகுதியானவை உங்கள் ஊரைப் போன்ற சின்னஞ்சிறு நிறுவனங்களே.

இனி, கட்டண முன்மொழிவை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். "சராசரி வீட்டுக்கு இத்தனை சதவீத உயர்வு" என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள். சராசரி வீடு என்று ஒன்று எந்தத் தெருவிலும் இல்லை. ஆகவே அதை நம்பி நின்றுவிடாமல் நிலைக்கட்டணத்தையும் யூனிட் விலையையும் தனித்தனியே பாருங்கள். ஒரு கணக்குக்காக, நிலைக்கட்டணம் மாதம் 12 டாலரிலிருந்து 18 டாலராக உயர்கிறது, யூனிட் விலை 11 செண்டிலிருந்து 10.8 செண்டாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 400 யூனிட் செலவழிக்கும் சிறு வீட்டின் பில் 56 டாலரிலிருந்து 61 டாலர் 20 செண்டாக உயரும். அதாவது 9 சதவீதத்துக்கும் மேல். 1,500 யூனிட் செலவழிக்கும் பெரிய வீட்டுக்கோ 177 டாலர் 180 டாலர் ஆகும். 2 சதவீதத்துக்கும் குறைவு. "யூனிட் விலையைக் குறைத்திருக்கிறோம்" என்று அறிவிப்பில் எழுதியிருந்தால் அதில் பொய்யும் இல்லை. கம்பமும் கம்பியும் பயன்பாடு குறைந்தாலும் கூடினாலும் ஒரே செலவுதான் என்பது நிறுவனத்தின் நியாயம், அதிலும் உண்மை இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்மீது அந்தச் செலவில் எவ்வளவு சுமத்தலாம் என்பதற்குக் கணக்குப் பிரிவில் விடை இருந்ததில்லை. நகர மன்றம்தான் அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, உங்கள் பில்லில் "மின் கொள்முதல் சரிக்கட்டல்" என்ற பொருளில் ஒரு சிறிய வரி இருக்கும். சிறு நகரங்கள் தாமே மின்சாரம் உற்பத்தி செய்வது அரிது. மொத்த விலைக்கு வாங்கி விற்கின்றன. செலவில் பெரும்பங்கு அந்தக் கொள்முதலே. விலை ஏறி இறங்கும்போது, பல ஊர்களில் கூட்டம் எதுவும் இன்றியே, சூத்திரப்படி அந்த வரி மாறிவிடும். கடந்த 12 மாத பில்களை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் கட்டண உயர்வு அந்த வழியாக எப்போதோ நுழைந்திருக்கும்.

மூன்றாவதாக, மின் துறையிலிருந்து நகராட்சிப் பொது நிதிக்கு ஆண்டுதோறும் மாற்றப்படும் தொகை. தனியார் நிறுவனம் சொத்துவரி கட்டும். நகராட்சித் துறை கட்டாது. அதற்கு ஈடாகவே இந்தத் தொகை என்பது வழக்கமான விளக்கம். பூங்காவும் தீயணைப்பும் அதனால் பயனடைகின்றன. அளவுக்குள் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அளவு வருவாயில் இத்தனை சதவீதம் என்று விதியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஆண்டுக்கு ஆண்டு தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்று மட்டும் கேளுங்கள். என் பணிக்காலத்தில் ஒரு தேர்தல் ஆண்டில் சொத்துவரியைக் குறைத்துவிட்டு, அதே தொகையை மின் துறையிலிருந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பேரேட்டில் அதை எழுதியவனே நான்தான்.


பதில் 2: கம்பத்தடி

பேரேடு ஐயா சொன்ன கணக்கு அத்தனையும் சரி. ஆனால் கூட்டத்தை மட்டும் பேசிவிட்டு, பக்கெட் லாரியையும் கம்பம் ஏறும் போட்டியையும் ஏதோ திருவிழாக் கடை போல ஒதுக்கிவிடுவதை ஏற்க முடியவில்லை. நான் ஒரு நகர மின் துறையில் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். அதனால் என் சார்பையும் கணக்கில் கொண்டு படியுங்கள்.

பொது மின்சார வாரம் என்பதை 1940இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பொது மின்சாரச் சங்கம் ஒருங்கிணைக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் வரும். அந்த வாரத்தில் மட்டும்தான் துணைமின் நிலையத்தின் இரும்புக் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படும் ஊர்கள் பல உண்டு. குழந்தை லாரியில் ஏறி இறங்கும் பத்து நிமிடத்தில் நீங்கள் கீழே நிற்கும் பொறியாளரிடம் நேரடியாகக் கேட்கலாம்: எங்கள் தெருவுக்கு மின்சாரம் எந்த வழியில் வருகிறது, அந்த வழி அறுந்தால் மாற்று வழி இருக்கிறதா, கம்பங்களில் எத்தனை 50 வயதைக் கடந்தவை? கூட்டத்தில் மூன்று நிமிடம் மட்டும் பேச அனுமதிக்கப்படும் இடத்தில் இவற்றையெல்லாம் கேட்க முடியாது.

கம்பம் ஏறும் போட்டியைப் பற்றி. ஒரு பச்சை முட்டையைப் பையில் வைத்துக்கொண்டு லைன்மேன் கம்பத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே முட்டையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, ஓடு விரிசல் விடாமல் கீழே இறங்க வேண்டும். பார்ப்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். பூட்ஸின் இரும்பு முள் கம்பத்தில் எவ்வளவு நிதானமாகப் பதிகிறது என்பதை அந்த முட்டையைவிடத் துல்லியமாகக் காட்டும் கருவி இல்லை. இன்னொரு போட்டியில் ஆள் எடையுள்ள பொம்மையைக் கம்பத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மின் அதிர்ச்சியில் மயங்கிய சக ஊழியராக அதைக் கருதி, கீழிருந்து ஓடி, இடுப்புப் பட்டை மாட்டி, ஏறி, கயிறு கட்டி, அறுத்து, பத்திரமாக இறக்க வேண்டும். இதயம் நின்றவருக்குச் சில நிமிடங்களே அவகாசம் என்பதால் நேரக்கணக்கு கடுமையாக இருக்கும். உங்கள் ஊர் லைன்மேன் இருவர் அதில் பரிசு பெற்றிருந்தால் ஒரு படமும் இரண்டு வரியும் அவர்களுக்குத் தாராளமாகத் தரலாம்.

தரச் சான்று என்று நீங்கள் குறிப்பிட்டது அநேகமாக அதே சங்கம் வழங்கும் நம்பகமான பொது மின் நிறுவனம் என்ற அங்கீகாரமாக இருக்கும். நம்பகத்தன்மை, பாதுகாப்பு, பணியாளர் வளர்ச்சி, கட்டமைப்பு மேம்பாடு என நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போட்டு, மூன்று ஆண்டுகளுக்கு வழங்குகிறார்கள். சான்றிதழைக் கையில் பிடித்த படத்தைப் போடுவதைவிட, அதற்கு விண்ணப்பித்தபோது நிறுவனம் கொடுத்த ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: ஓராண்டில் சராசரியாக ஒரு நுகர்வோர் எத்தனை நிமிடம் மின்சாரம் இன்றி இருந்தார் என்ற கணக்கு. துறையில் இதைச் "சைடி" என்போம். புயல் நாட்களைச் சேர்த்து ஒன்று, நீக்கி ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் கேளுங்கள்.

மரக்கிளை அட்டவணையையும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். மின்தடைக்கு மரமும் விலங்குகளும் பெருங்காரணம். 2021இல் தமிழ்நாட்டில் அமைச்சர் ஒருவர் அணிலைக் காரணம் சொன்னபோது சமூக வலைத்தளங்களே சிரித்தன, நான் சிரிக்கவில்லை. இங்கே எங்கள் பதிவேட்டில் அணிலுக்குத் தனி வரிசையே இருக்கிறது. மின்மாற்றியின் தலையில் ஒரு காலும் தொட்டியின் விளிம்பில் ஒரு காலுமாக அது நின்றால் போதும், ஃபியூஸ் போய்விடும்.

உங்கள் தாளில் இல்லாத ஒரு செய்தியையும் கேட்டு எழுதலாம்: கிடங்கில் எத்தனை மின்மாற்றிகள் இருப்பில் உள்ளன? கொரோனாவுக்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில், முன்பு சில மாதங்களில் வந்துகொண்டிருந்த மின்மாற்றிக்கு ஓராண்டும் அதற்கு மேலும் காத்திருக்கிறோம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் கிடங்கில் குறிப்பிட்ட ஓர் அளவில் இரண்டே இரண்டு மிச்சம் இருந்தன. புதிய குடியிருப்பு ஒன்றுக்கு இணைப்புத் தர மறுத்து, அவற்றை இடி விழும் நாளுக்காகப் பத்திரப்படுத்தினோம். வீடு கட்டியவர் எங்களைத் திட்டினார். அவர் திட்டியதிலும் நியாயம் இருந்தது.

பேரிடர்க் காலத்தில் ஊர் விட்டு ஊர் சென்று உதவும் ஏற்பாட்டையும் குறிப்பிடுங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென்கிழக்கு மாநிலங்களைப் புரட்டியபோது தொலைதூர நகராட்சிகளிலிருந்தெல்லாம் குழுக்கள் சென்றன. 2019இல் தொடங்கிய நவஹோ ஒளியேற்றும் திட்டம் எனக்கு இன்னும் நெருக்கமானது. நவஹோ பழங்குடி நிலப்பகுதியில் இன்றும் மின்சாரம் எட்டாத வீடுகள் 10,000க்கும் மேல் உள்ளன. பல மாநிலங்களின் பொது மின் நிறுவனங்கள் தம் லைன்மேன்களைச் சில வாரங்கள் அங்கே அனுப்பி, பழங்குடியினரின் மின் நிறுவனத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கின்றன. ஒரே ஒரு வீட்டுக்காக அரை மைலுக்குப் பாறையைக் குடைந்து கம்பம் நட்டதாக, அங்கே சென்று திரும்பிய எங்கள் ஆள் சொன்னார். குளிர்பதனப் பெட்டியின் விளக்கு எரிவதைப் பார்க்க அந்த வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து திறந்து மூடினாராம்.


பதில் 3: தெற்குவாசல்

இருவருமே இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே இருந்து பேசுகிறார்கள். வெளியிலிருந்து கட்டணம் கட்டுபவனாக நானும் சொல்லிவிடுகிறேன். "ஊருக்கே சொந்தம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எச்சரிக்கை உணர்வுதான் முதலில் வருகிறது. லாபம் வந்தால் ஊருக்கு வரும் என்பார்கள். நட்டம் வந்தாலும் ஊருக்குத்தான் வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் பழைய கதை இதற்குப் பொருத்தமானது. அங்குள்ள பொது மின் நிறுவனங்கள் கூடி அமைத்த வாஷிங்டன் பொது மின் வழங்கல் அமைப்பு ஒரே நேரத்தில் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டப் புகுந்தது. செலவு கட்டுக்கடங்காமல் போய், நான்காவதும் ஐந்தாவதும் 1982இல் கைவிடப்பட்டன. அவற்றுக்காக 88 நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. 1983இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் அமைப்பு கைவிரித்தது. நகராட்சிக் கடன் பத்திர வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய தவறல் நிகழ்ந்ததில்லை. ஐந்தில் ஒன்று மட்டுமே கட்டி முடிக்கப்பட்டு இன்றுவரை இயங்குகிறது.

அது பழங்கதை என்பவர்களுக்கு இல்லினாய்ஸில் உள்ள பிரெய்ரி ஸ்டேட் நிலக்கரி மின் நிலையம் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு பல மாநிலங்களின் சிறு நகரங்கள் கூட்டாகச் சேர்ந்த மின் முகமைகளுக்குச் சொந்தம். கட்டுமானச் செலவு முதலில் சொன்னதைவிட வெகுவாக ஏறியது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தம் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும் என்ற நீண்டகால ஒப்பந்தத்தில் அந்தச் சிற்றூர்கள் மாட்டிக்கொண்டன. கையெழுத்திட்ட மன்ற உறுப்பினர்கள் பலர் இப்போது பதவியில் இல்லை. பில் மட்டும் மாதந்தோறும் வருகிறது. ஆகவே புதுக்குடி அவர்களே, கட்டணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், உங்கள் ஊர் மின்சாரத்தை யாரிடம், எந்த ஆண்டு வரை, எந்த நிபந்தனையில் வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த இருபது ஆண்டுக் கட்டணத்தின் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில் ஏற்கெனவே எழுதியாயிற்று.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வசிக்கும் ஊரின் மின் துறையும் நகராட்சியுடையதுதான், பெயர் வேண்டாம். மீட்டர் மாற்றியபோது, அது காட்டும் அளவை எதனால் பெருக்கி பில் போடுவது என்ற பெருக்கல் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள். ஏழு மாதம் இரு மடங்கு கட்டினோம். ஆறு முறை அலுவலகம் சென்றபோதும், "மீட்டர் பொய் சொல்லாது" என்ற ஒரே பதில்தான். தனியார் நிறுவனமாக இருந்தால் மாநில ஆணையத்தில் புகார் மனு கொடுத்திருப்பேன். இங்கே புகாருக்கு உரியவரும் அவர்களே, விசாரிப்பவரும் அவர்களே. கடைசியில் நகர மன்றக் கூட்டத்தில் மூன்று நிமிடம் நின்று பில்களைப் படித்துக் காட்டிய பிறகே பணம் திரும்பியது. அதனால் பேரேடு ஐயாவின் கருத்தோடு நானும் ஒத்துப்போகிறேன், வேறு வழியில் வந்து சேர்ந்தாலும்: கூட்டத்தைத்தான் முதலில் போட வேண்டும். புகார் கொடுக்கும் முறை எழுத்தில் இருக்கிறதா என்பதையும் அதன் கீழேயே போடுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1989 ஜூனில் சாக்ரமெண்டோ மக்கள் தமக்குச் சொந்தமான ராஞ்சோ செக்கோ அணுமின் நிலையத்தை மூடும்படி வாக்களித்தார்கள், நிலையமும் மூடப்பட்டது. தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு அப்படி ஒரு வாக்குச்சீட்டு கிடைக்காது. புளோரிடாவின் வின்டர் பார்க் நகரம் 2005இல் தனியாரிடமிருந்து கம்பிகளை வாங்கித் தானே நடத்தி வருகிறது. கொலராடோவின் போல்டர் நகரமோ அதே முயற்சியில் ஏறத்தாழ பத்தாண்டு போராடிவிட்டு 2020இல் கைவிட்டது. மெய்ன் மாநிலத்தில் 2023 நவம்பரில் இதே கேள்வி மாநிலம் முழுவதற்கும் வைக்கப்பட்டபோது மக்கள் பெரும்பான்மையில் வேண்டாம் என்றார்கள். கிடைக்காதவர்கள் இதற்காக இவ்வளவு போராடும்போது, கிடைத்தவர்கள் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?


புதுக்குடி

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மாநிலத்தில் நகராட்சி மின் கட்டணத்தை மாநில ஆணையம் பார்ப்பதில்லை என்று நகர எழுத்தரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேலும் இரண்டு ஐயங்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள எங்கள் சங்க உறுப்பினர்கள் சிலருக்கு மின்சாரம் ஒரு கூட்டுறவிலிருந்து வருகிறது. அவர்களுக்கும் இதே செய்தி பொருந்துமா? கூட்ட நிகழ்ச்சி நிரலில் "சூரிய மின் திட்டம், கூட்டரசு நேரடிக் கொடுப்பனவு, கால வரம்பு" என்று ஒரு தலைப்பும் இருக்கிறது. அது என்ன அவசரம்?


பதில் 4: ஏரிக்கரை

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாகக் கூட்டுறவு மின் உறுப்பினர்.

பொருந்தாது, அவர்களுக்குத் தனிப் பத்தி எழுதுங்கள். 1935இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கப்பட்டபோது, லாபம் வராது என்று தனியார் நிறுவனங்கள் விட்டுவிட்ட கிராமப்புறங்களில் விவசாயிகள் அரசுக் கடன் பெற்றுத் தாமே கூட்டுறவு அமைத்துக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். இன்று ஏறத்தாழ 900 கூட்டுறவுகள் இருக்கின்றன; நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இவற்றின் கம்பியே ஓடுகிறது. நகராட்சி நிறுவனத்தில் வாக்காளர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை. கூட்டுறவில் மின் இணைப்பு வைத்திருப்பதாலேயே உறுப்பினர் உரிமை. குடியுரிமை இல்லாததால் நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாத நம்மவர்கள் பலர், கூட்டுறவின் இயக்குநர் தேர்தலில் வாக்களிக்கலாம். இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. எனக்கே நான்காம் ஆண்டுதான் தெரிந்தது.

கூட்டுறவில் ஆண்டுப் பொதுக்கூட்டம்தான் முதன்மையான நிகழ்ச்சி. செலவு போக மிஞ்சும் தொகை ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் மூலதன வரவாக எழுதப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தரப்படும். வீடு மாறிப் போகிறவர்கள் புதிய முகவரியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள். எனக்கு வீட்டை விற்றவரின் பெயருக்கு 38 டாலர் காசோலை ஒன்று என் தபால் பெட்டிக்கு வந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஆபத்தும் உண்டு. 2021 பிப்ரவரிக் குளிர்ப் புயலின்போது டெக்சாஸில் மொத்தச் சந்தை விலை உச்சத்தில் நின்றதால், பிராசோஸ் என்ற மின் உற்பத்திக் கூட்டுறவுக்கு 180 கோடி டாலருக்கும் மேல் பில் வந்தது; மார்ச் மாதமே அது திவால் பாதுகாப்பு கோரியது. தெற்குவாசல் சொன்ன அதே பாடம்தான்: மின்சாரத்தை எங்கே, எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது.


பேரேடு

இரண்டாவது ஐயத்துக்குச் சுருக்கமாக. முன்பெல்லாம் சூரிய மின், காற்றாலைத் திட்டங்களுக்குக் கூட்டரசு தந்த வரிச் சலுகை நகராட்சிகளுக்குப் பயன்படவில்லை, அவை வருமான வரியே கட்டுவதில்லை என்பதால். 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், அந்தச் சலுகைக்கு ஈடான தொகையை அவற்றுக்கும் கூட்டுறவுகளுக்கும் ரொக்கமாகவே தர வழி செய்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் காற்றாலைக்கும் சூரிய மின்னுக்கும் கால வரம்பு வைத்துவிட்டது: 2026 ஜூலை 4க்குள் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும், தவறினால் 2027 முடிவதற்குள் திட்டம் இயங்கத் தொடங்க வேண்டும். மின்கலச் சேமிப்புக்கு இந்தக் குறிப்பிட்ட வரம்பு இல்லை. கூட்டத்தில் கேட்க வேண்டியது இது: திட்டம் எந்தத் தேதிக்குள் வருகிறது, அந்தக் கூட்டரசுப் பணம் கிடைக்காமல் போனால் கட்டணம் எவ்வளவு மாறும்? இரண்டு கணக்கையும் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் நல்லதை மட்டும் காட்டுவார்கள்.


புதுக்குடி

மடலின் வரைவை இன்று காலை முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தலைப்பில் இருக்கிறது. அதன் கீழே 400 யூனிட், 1,500 யூனிட் என்ற இரண்டு வீடுகளின் பில், எங்கள் ஊரின் எண்களைப் போட்டு. முன்மொழிவின்படி சிறிய வீட்டுக்கு 7 சதவீதமும் பெரிய வீட்டுக்கு 3 சதவீதமும் கூடுகிறது. அடுத்து மரக்கிளை அட்டவணை, புகார் கொடுக்கும் முறை, அக்கரையினருக்கான பத்தி. கம்பத்தடி அவர்கள் சொன்ன முட்டைக் கதையையும் லைன்மேன் படத்தோடு சேர்த்திருக்கிறேன். பரிசு பெற்றவரிடம் கேட்டபோது, பயிற்சியில் மட்டும் இரண்டு டஜன் முட்டை உடைத்ததாகச் சொன்னார். மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் நகலுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன். 2041 வரை செல்லுபடியாகும் என்பது மட்டும் இப்போதைக்குத் தெரிந்திருக்கிறது.

நகர எழுத்தரிடம் கூட்டத்தில் பேசப் பெயர் பதிவு செய்யப் போனேன். சென்ற கட்டண மாற்றத்தின்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டதற்குப் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து மூன்று பேர் என்றார். அதில் இருவர் மின் துறை ஊழியர்கள். மூன்றாமவர் வெளியே மழை என்பதால் உள்ளே வந்து உட்கார்ந்தவராம்.